பொருளின் உருவில் கவிதை: வெட்டுவதா, எண்ணுவதா, பின்னுவதா?

மழையைப் பற்றிய கவிதை மழைபோலவும் சிறகைப் பற்றிய கவிதை சிறகுபோலவும் தாளில் தோன்ற வேண்டும் என்ற ஆசை கவிஞர்களுக்கு மிகப் பழையது. கி.மு. 300-ஐ ஒட்டிய காலத்தில் ரோட்ஸ் தீவைச் சேர்ந்த சிம்மியாஸ் என்னும் கிரேக்கக் கவிஞர் கோடரி, சிறகு, முட்டை ஆகிய உருவங்களில் பாடல்களை அமைத்திருக்கிறார். தமிழில் அணியிலக்கண நூலான தண்டியலங்காரம், சொல்லணியியலில் சித்திரகவிக்கு இடம் ஒதுக்கி, நாகபந்தம், முரசபந்தம், சக்கரம் முதலியவற்றுக்கு எடுத்துக்காட்டுகளும் தருகிறது. ஆகவே, இப்படி எழுதலாமா என்று இன்று எவரும் தயங்க வேண்டியதில்லை. எந்த வழியில் எழுதுவது என்பதில்தான் தடுமாற்றம் வருகிறது.

கண்ணுக்குத் தெரியும் வழிகள் ஐந்து. பொருளின் எல்லைக்கோட்டை வரைந்துகொண்டு அதற்குள் சொற்களை அடைக்கலாம். அடிகளின் சீர்களை (யாப்பில் அடியை ஆக்கும் அலகுகளை) எண்ணிக் கூட்டியும் குறைத்தும் உருவம் தானே எழும்படி செய்யலாம். எழுத்துகளையே கோடாக ஓடவிடலாம். எழுதாமல் விட்ட வெற்றிடத்தைப் பேசவைக்கலாம். ஒரு படத்தின் கட்டங்களில் எழுத்துகள் பொருந்துமாறு பாடும் பழைய பந்தங்களுள் ஒன்றை எடுத்துக்கொண்டு பின்னலாம். இவற்றை ஒப்பிடும்போது, எது அழகாக இருக்கும் என்று கேட்பதைவிட, கவிதையின் உருவத்தை எது தாங்கி நிற்கிறது, அந்தத் தாங்கல் விலகினால் கவிதையில் என்ன மிஞ்சும் என்று கேட்பதே பயன் தரும் என்பது என் எண்ணம்.

எல்லைக்கோட்டு வழியில் தொடங்கலாம். பலரும் முதலில் கைவைப்பது அதில்தான். மரம் வரைந்து, கிளைப்பகுதியில் நீண்ட வரிகளும் அடிமரத்தில் ஒற்றைச் சொற்களுமாக நிரப்புவது எளிது என்று தோன்றும். ஆனால், தமிழ் எழுத்துகள் சம அகலமுடையவை அல்ல என்பதால், தமிழில் இந்த வழி எதிர்பார்த்ததைவிடக் கடினமானது. ‘பரபரப்பு’, ‘கொண்டோம்’ ஆகிய இரண்டு சொற்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது ஆறெழுத்து, இரண்டாவது நான்கெழுத்து. தாளில் அச்சிட்டுப் பார்த்தால் நான்கெழுத்துச் சொல்தான் அதிக இடத்தை அடைக்கும்; கொம்புகளும் கால்களும் ணகரத்தின் சுழிகளும் சேர்ந்து அதை அகட்டிவிடுகின்றன. கணினியின் உட்கணக்கைப் பார்த்தாலோ, புள்ளியையும் உயிர்க்குறியையும் அது தனித்தனியே எண்ணுவதால், இரண்டுக்கும் எட்டு எட்டு என்றே வரும். யாப்பின் கணக்கில் இரண்டும் ஒவ்வொரு சீர். ஒரே சோடிச் சொற்களுக்கு நான்கு அளவுகோல்கள் வெவ்வேறு விடை சொல்லும்போது, எல்லைக்கோட்டுக்குள் சொல்லை அடைக்கிறவர் கண் அளவை மட்டுமே நம்பி, அந்த ஓர் எழுத்துருவுக்கும் அந்த ஓர் அளவுக்கும் மட்டும் பொருந்துமாறு வேலை செய்கிறார். எழுத்துருவை மாற்றிய மறுநிமிடம் கிளை சரிந்து தண்டில் விழும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கோட்டுக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகச் சொல் நடுவில் உடைகிறது. இடத்தை நிரப்ப வேண்டும் என்பதற்காக வேண்டாத அடைமொழி நுழைகிறது. கவிதை முடிந்த இடத்தில் மரம் முடியாமல் போனால், கவிஞர் மரத்தின் பக்கம் சாய்வதையே பெரும்பாலும் காண்கிறோம். மேலும், உருவத்தை வாசகர் ஒரு நொடியில் அடையாளம் கண்டுவிடுகிறார். ‘ஓ, மரம்’ என்று கண்ட பிறகு, வரிவரியாக வாசிக்கும் நேரத்தில் அந்த உருவம் அவருக்குப் புதிதாக எதையும் செய்வதில்லை. சுவரொட்டிக்கும் வாழ்த்து அட்டைக்கும், அதாவது ஒரே ஒருமுறை, ஒரே அளவில் அச்சாகி அப்படியே நிற்கப்போகும் எதற்கும், இந்த வழி போதுமானது. அங்கே கண்ணை இழுப்பதுதான் முதல் வேலை. அதை இது நன்றாகவே செய்யும்.

இரண்டாவது வழி, என் கணிப்பில், தமிழில் எழுதுகிறவருக்கு மிக இயல்பானது. ஆனால் வடிவக் கவிதை என்ற பெயரில் மிகக் குறைவாகவே பேசப்படுவது. நம் யாப்பு அடிகளின் நீளத்துக்கு ஏற்கெனவே பெயர் வைத்திருக்கிறது: இரண்டு சீர் குறளடி, மூன்று சிந்தடி, நான்கு அளவடி, ஐந்து நெடிலடி, அதற்கு மேற்பட்டவை கழிநெடிலடி. இந்தப் படிகளை வரிசையாக அடுக்கினாலே முக்கோணம் வந்துவிடுகிறது. இணைக்குறள் ஆசிரியப்பாவில் முதலடியும் ஈற்றடியும் அளவடியாக நிற்க, இடையில் சிந்தடியும் குறளடியும் வரும். அந்த இடையடிகளை மூன்று, இரண்டு, இரண்டு, மூன்று என்று நிறுத்தினால் இடுப்பு ஒடுங்கிய மணற்கடிகை கிடைக்கிறது. இலக்கணம் மீறப்படவில்லை, படமும் வரையப்படவில்லை.

இந்த வழியின் முழு ஆற்றலையும் காண, கலிப்பாவின் ஒரு வகையான அம்போதரங்க ஒத்தாழிசைக் கலிப்பாவைப் பார்க்க வேண்டும். யாப்பிலக்கண நூலான யாப்பருங்கலக் காரிகை இதன் உறுப்பை நீர்த்திரைக்கு ஒப்பிட்டே வகுக்கிறது. நாற்சீர் ஈரடியாக இரண்டு, நாற்சீர் ஓரடியாக நான்கு, முச்சீர் ஓரடியாக எட்டு, இருசீர் ஓரடியாகப் பதினாறு என்று உறுப்புகள் சுருங்கிக்கொண்டே செல்லும். கரையை நெருங்க நெருங்க அலை தாழ்வதுபோல அடி குறுகுகிறது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அதனோடு கவனிக்க வேண்டியது எண்ணிக்கை. அடி சிறுக்கச் சிறுக்க, அவை இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று இரட்டிக்கின்றன. பெரிய அலை ஒன்று உடைந்து பல நுரைத் துண்டுகளாகச் சிதறிப் பாய்வதைத்தான் இந்தப் பெருக்கம் காட்டுகிறது. இருசீர் அடிகள் பதினாறையும் தொடர்ந்து சொல்லும்போது நாக்கு தானாகவே விரைகிறது. ஏட்டில் அடிபிரிக்காமல் எழுதினாலும், கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும், அந்த அலை அங்கே இருக்கிறது. வடிவம் தாளில் வரையப்படாமல் ஓசையில் கட்டப்பட்டிருப்பதால் வரும் உறுதி இது.

புதுக்கவிதை எழுதுகிறவர் சீர்கள் இணையும் முறையான தளையைப் பார்க்காமலேயே இந்த அடியளவை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். எரிந்து குறையும் மெழுகுவத்தியைப் பொருளாகக் கொண்டு, ஐந்து சீரில் தொடங்கி ஒவ்வொன்றாகக் குறைத்தால் இப்படி வரும்:

ஏற்றிய பொழுதில் நெடிதாய் நின்றது மெழுகு
எழுதும் பக்கம் நிறையுமுன் பாதி
உருகி விரலள வானது
திரிமட்டும் மிஞ்ச
இருள்.

இதே பொருளை எல்லைக்கோட்டு வழியில் எழுதியிருந்தால், நேரான தூண்போல ஒரு பத்தியும் அதன் தலையில் சுடர்போலச் சில எழுத்துகளும் வந்திருக்கும். அது மெழுகுவத்தி எப்படி இருக்கும் என்பதைக் காட்டும், எரிவதைக் காட்டாது. மேலே உள்ள வரிகளைப் பக்கத்தின் இடப்புறத்தில் ஒட்டி எழுதினாலும், நடுவில் நிறுத்தி எழுதினாலும், தொலைபேசியில் ஒருவருக்குப் படித்துக் காட்டினாலும் குறைதல் குறைவதில்லை.

ஆங்கிலத்தில் வடிவக் கவிதைக்கு எல்லோரும் சுட்டும் முன்மாதிரியும் உற்றுப் பார்த்தால் இந்த வகையைச் சேர்ந்ததே. ஜார்ஜ் ஹெர்பர்ட்டின் ‘ஈஸ்டர் சிறகுகள்’ 1633-இல் அச்சானபோது, பக்கத்தைத் திருப்பிப் படிக்குமாறு பக்கவாட்டில் அச்சிடப்பட்டது. அப்படிக் கிடத்தியதால்தான் அது சிறகுகளாகத் தெரிகிறது. பின்வந்த பதிப்புகள் பல அதை நிமிர்த்திச் சாதாரணமாக அச்சிட்டன, உருவம் மணற்கடிகையாகிவிட்டது. ஆனால் கவிதை கெடவில்லை. ஏனெனில், அதன் ஒவ்வொரு பகுதியும் ஐந்து சீரிலிருந்து ஒரு சீர்வரை இறங்கி மீண்டும் ஐந்துக்கு ஏறுகிறது. அடி மிகக் குறுகும் இடத்தில் முதற்பகுதி ‘மிக வறியவன்’ என்னும் பொருளிலும், இரண்டாம் பகுதி ‘மிக மெலிந்தவன்’ என்னும் பொருளிலும் பேசுகிறது. வீழ்ச்சியும் எழுச்சியும் அடியளவிலேயே நடந்து முடிந்துவிடுவதால், சிறகு தெரியாதபோதும் பறத்தல் இருக்கிறது.

அடியளவு வழிக்கும் எல்லை உண்டு. அது தரக்கூடிய உருவங்கள் சில மட்டுமே: ஒடுங்குதல், விரிதல், ஒடுங்கி விரிதல், ஒரே அளவில் அலைதல். யானையையோ சைக்கிளையோ சீர் எண்ணி வரையமுடியாது. மேலும் சீர் எண்ணிக்கையும் கண்ணுக்குத் தெரியும் நீளமும் துல்லியமாக ஒத்துப்போவதில்லை. கட்டளைக் கலித்துறையில் ஒற்று (புள்ளியெழுத்து) நீக்கி, நேரசையில் (ஓரெழுத்து அசையில்) தொடங்கும் அடிக்குப் பதினாறு, நிரையசையில் (ஈரெழுத்து அசையில்) தொடங்குவதற்குப் பதினேழு என்று எழுத்தை எண்ணிக் கட்டினாலும், அச்சில் அடிகளின் வலது ஓரம் ஏறியும் இறங்கியும்தான் நிற்கிறது. விளிம்பு கத்தரித்ததுபோல் இருக்க வேண்டும் என்று விரும்புகிறவருக்கு இந்த வழி எரிச்சலூட்டும். எனக்கு அந்தச் சிறு பிசிறு குறையாகத் தோன்றவில்லை.

எண்ணிக் கட்டுவதன் உச்சியில் எழுகூற்றிருக்கை நிற்கிறது. ஒன்று, இரண்டு, ஒன்று. ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று என்று ஏழுவரை ஏறி இறங்கும் எண்கள் பாட்டுக்குள் சொற்களாக வரும். அவற்றை மட்டும் எடுத்துக் கட்டங்களில் அடுக்கினால் தேரின் தட்டுகள் தெரியும். திருஞானசம்பந்தர், திருமங்கையாழ்வார், அருணகிரிநாதர் ஆகியோர் இவ்வடிவில் பாடியிருக்கிறார்கள். திருமங்கையாழ்வாரின் பாட்டு ‘ஒரு பேருந்தி இருமலர்த் தவிசில் ஒருமுறை அயனை ஈன்றனை’ என்று தொடங்கும்போது முதல் தட்டு முடிந்துவிடுகிறது. இதில் கற்க வேண்டியது ஒன்று உண்டு: எண்களுக்கு இடையே உள்ள சொற்கள் எவ்வளவு நீண்டாலும் தேர் சாய்வதில்லை, ஏனென்றால் தேரைத் தாங்குவது எண்கள் மட்டுமே. இன்று எழுதுகிறவர் எண்ணுக்குப் பதிலாக ஒரு சொல்லையோ ஓர் ஒலியையோ அப்படித் திரும்பத் திரும்ப நிறுத்தி, மற்றவற்றைச் சுதந்திரமாக ஓடவிடலாம்.

எழுத்துகளைக் கோடாக ஓடவிடும் மூன்றாவது வழிக்கு, பிரெஞ்சுக் கவிஞர் கியோம் அப்போலினேரின் 1918-ஆம் ஆண்டுத் தொகுப்பான ‘கலிக்ராம்’ நல்ல சான்று. அதிலுள்ள மழைக் கவிதையில் ஐந்து வரிகள் சற்றே சாய்ந்து மேலிருந்து கீழாக, எழுத்தெழுத்தாக இறங்குகின்றன. எல்லைக்கோட்டுக்குள் அடைப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு: இங்கே வாசகரின் கண்ணே மழை போகும் திசையில் போகிறது. வேகமாகப் படிக்கவும் முடியாது. ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்துச் சொல்லாக்கிக்கொள்ள வேண்டியிருப்பதால், துளி துளியாகவே பொருள் கிடைக்கிறது. அருவி, படிக்கட்டு, புகை, நூல் முதலிய திசையுள்ள பொருள்களுக்கு இது பொருந்தும்.

தமிழில் இதைச் செய்யும்போது கவனிக்க வேண்டியது எழுத்தின் எல்லை. ‘கொ’ என்பது ஓரெழுத்து. கொம்பு, ககரம், கால் மூன்றும் ஒன்றாகவே இறங்க வேண்டும். எழுத்துகளைத் தானே பிரித்து அடுக்கும் மென்பொருள்கள் சில, உயிர்க்குறியை வெட்டித் தனியே தொங்கவிட்டு, அதை ஒட்டி ஒரு புள்ளிவட்டத்தையும் வரைந்துவிடும். கையால் வரைவதோ, ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனி வரியாகத் தட்டச்சு செய்வதோ மேல். நீளமான கவிதைக்கு இந்த வழி உதவாது; பத்துச் சொற்களுக்கு மேல் போனால் வாசகர் மழையை விட்டுவிட்டுக் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார். மெய்யெழுத்து மலிந்த சொற்களும் வேண்டாம். புள்ளி வைத்த எழுத்து தனி வரியில் நின்றால், ஒலிக்க முடியாத ஓர் இடத்தில் கண் முட்டிக்கொள்கிறது.

வெற்றிடத்தைப் பேசவிடும் வழியைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஜெர்மன் மொழிக் கவிஞர் ஒய்கன் கோம்ரிங்கர் 1950-களில் எழுதிய கவிதையில் ‘மௌனம்’ என்று பொருள்படும் ஒரே சொல் ஐந்து வரிகளில், வரிக்கு மூன்றாக நிற்கிறது. நடு வரியின் நடுச்சொல் மட்டும் இல்லை. பதினான்கு முறை சொல்லப்பட்ட மௌனம் அந்தச் சொல் இல்லாத இடத்தில்தான் உண்மையில் இருக்கிறது. இந்த உத்தி ஒருமுறை செய்தால் வியப்பு, மறுமுறை செய்தால் நகல் என்ற ஆபத்து உடையது. இன்மையைப் பற்றிய கவிதைக்கு மட்டுமே ஒதுக்கிவைப்பது நல்லது. படித்துக் காட்டும்போது இது அறவே மறைந்துவிடும் என்பதையும் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும். பிரெஞ்சுக் கவிஞர் ஸ்டெபான் மல்லார்மே 1897-இல் வெளியிட்ட, பகடை வீச்சைப் பற்றிய நெடுங்கவிதை வெற்றிடத்தோடு எழுத்தளவுகளின் ஏற்றத்தாழ்வையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் அது திறந்த இரு பக்கங்களை ஒரே பரப்பாகக் கருதி எழுதப்பட்டது, அந்தப் பரப்பு கிடைக்காதவர் அதைப் பின்பற்றுவது வீண்.

பந்தம் தனி உலகம். இரட்டை நாகபந்தத்தில் இரு பாம்புகளின் உடல்மீது இரு வெண்பாக்கள் ஓடுகின்றன. உடல்கள் வெட்டிக்கொள்ளும் இடங்களில் ஒரே எழுத்து இரண்டு பாட்டுக்கும் பொதுவாக அமைய வேண்டும். இதை வெறும் சொல்விளையாட்டு என்று ஒதுக்குவோர் ஒருமுறை முயன்று பார்க்க வேண்டும். பொது எழுத்துகள் நான்கைந்தை நிலைநிறுத்திய பிறகு, மீதமுள்ள இடங்களில் எதுகையும் தளையும் பொருளும் தவறாமல் வருவதற்குச் சொல்வளம் பெருமளவு வேண்டும். எனினும் நம் கேள்விக்கு இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நாகபந்தத்தில் எழுதப்பட்ட பாட்டு நாகத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. படம் ஒன்று, பொருள் வேறொன்று என்பது அங்கே குற்றமும் இல்லை. உருவம் பொருளைக் காட்ட வேண்டும் என்று விரும்புகிறவர், பாம்பன் சுவாமிகளின் சஸ்திரபந்தம்போல, வேலின் உருவில் வேலவனைப் பாடும் பொருத்தமுள்ள பந்தத்தைத் தேட வேண்டும். மரபு யாப்பில் தளை தட்டாமல் வெண்பா எழுதும் பழக்கம் இல்லாதவருக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்கமாட்டேன். பழக்கம் உள்ளவருக்கோ, மற்ற எந்த வழியும் தராத ஒன்றை இது தரும்: உருவத்தைக் கலைத்தால் பாட்டின் பின்னலே கலைந்துவிடும் அளவுக்கு இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

தேர்வை முடிவு செய்யும் மற்றொரு காரணி, கவிதை எங்கே வாசிக்கப்படும் என்பது. அச்சுப் பக்கத்தின் அகலம் நிலையானது. திரையின் அகலம் அப்படியன்று. இணையப் பக்கங்கள் தொடர்ச்சியான பல இடைவெளிகளை ஒன்றாகச் சுருக்கிவிடும். கைபேசித் திரையில் நீண்ட அடி மடங்கி அடுத்த வரியில் விழும். மேலே காட்டிய மெழுகுவத்திக் கவிதையின் முதலடியே குறுகிய திரையில் மடங்கக்கூடும். அப்போது ‘மெழுகு’ மட்டும் தனியே கீழே விழுந்து, குறையும் வரிசையில் பொய்யான ஒரு படியை உண்டாக்கும். எனவே திரைக்கு எழுதுகிறவர் நெடிலடியில் தொடங்காமல் அளவடியில் தொடங்குவது பாதுகாப்பானது. எல்லைக்கோட்டு வழியையும், எழுத்தையே கோடாக்கும் கோட்டு வழியையும், வெற்றிட வழியையும் தேர்ந்தவர்கள் கவிதையைப் படமாக்கி வெளியிடுவதே நடைமுறை. படமாக்கினால் உருவம் அசையாது. ஆனால் தேடுபொறிக்கு அந்தச் சொற்கள் தென்படாமல் போகலாம், பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பானும் பெரும்பாலும் அங்கே ஊமையாகிவிடும். படத்துடன் முழுப் பாடத்தையும் எழுத்தாகக் கீழே கொடுத்துவிடுவது அந்த இழப்பைக் குறைக்கும். அப்படிக் கொடுக்கும்போது அந்த வெறும் பாடம் தனித்து நிற்கிறதா என்பது கவிஞருக்கே தெரிந்துவிடும்.

எழுதி முடித்தபின் அல்ல, எழுதத் தொடங்கும் முன்பே பொருளிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: இந்தப் பொருள் காலத்தில் மாறுகிறதா, திசையில் நகர்கிறதா, அல்லது அப்படியே இருக்கிறதா? தேய்பிறை, மூச்சு, அலை, பசி, வயது போன்று பெருகியும் குறைந்தும் மாறுபவை அடியளவுக்கு உரியவை. இவற்றுக்கு வேறு வழியைத் தேடுவது வீண் உழைப்பு என்றே சொல்வேன். விழுபவை, ஏறுபவை, வளைந்து ஓடுபவை கோட்டு வழிக்கு உரியவை, சுருக்கமாக எழுத முடிந்தால். கோப்பை, நாற்காலி, மரம் என்று அசையாமல் இருக்கும் பொருள்களில்தான் சிக்கல். அவற்றுக்கு எல்லைக்கோடு ஒன்றே வழி என்று தோன்றினாலும், அசையாத பொருளிலும் ஓர் அசைவைக் கண்டுபிடிக்க முடிந்தால் அடியளவு வழிக்குத் திரும்பிவிடலாம்: கோப்பையை விட்டுவிட்டு அது காலியாவதையும், மரத்தை விட்டுவிட்டு அது இலை உதிர்ப்பதையும் எழுதலாம். அந்த அசைவு கிடைக்காவிட்டால், அந்தக் கவிதைக்கு வடிவம் தேவைதானா என்று ஒருமுறை யோசிப்பதில் தவறில்லை.

இதழுக்கு அனுப்புகிறவருக்கு ஒரு சொல். பக்க வடிவமைப்பாளர் கவிதையை இரண்டு பத்திகளாகப் பிரித்து, இரு ஓரங்களையும் சமன்செய்து, ஒரே நொடியில் அம்போதரங்கத்தைச் செங்கல் ஆக்கிவிட முடியும். அடிகளை இடைவெளி விசையால் தள்ளித் தள்ளி நிறுத்தாமல், உள்தள்ளலுக்கான வசதியைப் பயன்படுத்தி நிறுத்திய கோப்பு ஒன்று, அச்சில் எப்படித் தெரிய வேண்டும் என்பதைக் காட்டும் பிடிஎஃப் ஒன்று, ஒவ்வொரு அடிக்கும் எத்தனை சீர் என்ற ஒரு வரிக் குறிப்பு ஆகிய மூன்றையும் சேர்த்து அனுப்ப வேண்டும். எழுத்துரு மாறினாலும் அடியை எங்கே முறிக்கக்கூடாது என்பதை அந்தக் குறிப்பு அவருக்குச் சொல்லிவிடும்.